ஐந்தாம் கண்ணுக்குத் தண்ணீர்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பொறியாளர் சங்கத்துப் பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது.

போன் செய்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் கடைசியாகச் செய்தபோது, உனக்குப் பதில் சொல்ல முடியாத இடம் வந்ததும் "சிக்னல் போகுது அக்கா" என்றாய். நீ இருந்தது பதினாலாவது மாடி. கடிதத்துக்குச் சிக்னல் போகாது. தவிர, நாம் இருவரும் நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்கள். காகிதத்தில் இல்லாதது உலகத்தில் நடக்கவில்லை என்று நம்பும் கூட்டம்.

விஷயம் நம் பாலம். டாக்டர் என்னைச் சமதரையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். இந்த ஊர்ச் சாலைகளில் சமதரை என்பது பாலத்தின் மேல் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு உன்னைப் பாராட்ட வேண்டும். தினமும் காலையில் அக்கரை வரை போய்த் திரும்புகிறேன். போன வாரம் படியில் இறங்கி அடியில் போய்ப் பார்த்தேன். இந்த வயதில் இறங்கியதற்குத் திட்டுவாய். படித்து முடித்துவிட்டுத் திட்டு. தூணுக்குத் தூண் ஏழு கண்; அதில் ஐந்தாம் கண்ணின் ஓரத்தில், அடிப்பக்கம், துருக்கறை. ஒரு முழ நீளம். நடுவில் சுண்ணாம்பு பூத்து வெள்ளைக் குச்சிகளாகத் தொங்குகிறது. மற்ற ஆறு கண்களையும் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், கறை இல்லை.

கீழ்ப்புறத்து ஊரில் இருக்கும் பாலத்தை மூடப் போகிறார்கள். ஏப்ரல் பதினைந்திலிருந்து கல்குவாரி லாரிகள் அத்தனையும் நம் பாலத்தில் வரும். தாங்குமா என்று அலுவலகத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். நம் பழைய பதிவேட்டைப் பார்த்து, ஏழு கண்ணும் ஒரே தரம், தாங்கும் என்று எழுதிவிட்டார்களாம்.

அந்தப் பதிவேட்டில் ஐந்தாம் கண்ணின் பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். கான்கிரீட் இறுக, மேலே ஈரச் சாக்குப் போட்டுப் பதினாலு நாள் தண்ணீர் விட வேண்டும்; இரண்டு நாள்தான் விட்டிருந்தோம். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். நீயும் நானும் ஐந்து நாள் இல்லை. திரும்பி வந்தபோது சாக்கெல்லாம் காய்ந்து மொடமொடவென்று கிடந்தது, மேலே மயிரிழை விரிசல்கள். நீ சிமென்ட் பால் கரைத்துப் பூசினாய். பதினாலு நாளும் தண்ணீர் விட்டதாக எழுதினாய். நான் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டிகள் என் சோதனைக்கூடத்துத் தொட்டியில் சுகமாக மூழ்கிக் கிடந்தன; அவை பாஸாகிவிட்டன.

இருவரும் சேர்ந்து கோட்டப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிடலாம். என்ன சொல்கிறாய்?

உன் அக்கா


மார்ச் 11

பொருள்: ஐந்தாம் கண் – துருக்கறை – தங்கள் அச்சம் – தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம், நாள் மார்ச் 2.

அக்கா,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. அதன் மீது என் கருத்துகள்:

1. துருக்கறை என்பது ஒரு அறிகுறி. நோய் என்ன என்று அது சொல்லாது. முப்பத்தோரு வயதுப் பாலத்தில் கறையே இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

2. தண்ணீர் விடும்படி காவலாளியிடம் யார் சொல்லியிருக்க வேண்டும் என்பதை நீ வசதியாக விட்டுவிட்டாய். நாம் கிளம்பியபோது காவலாளியின் கொட்டகை வாசலில் நின்றது நீ. நின்றவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்ததில் என்ன தவறு? இதை நான் பல முறை கேட்டுவிட்டேன். நான் ஓய்வுபெற்ற நாளில் போனில் உன்னிடம் கேட்டேன். அதோடுதான் நாம் பேச்சை நிறுத்தினோம்.

4. மே இருபதாம் தேதி சங்கம் எனக்கு வாழ்நாள் சாதனை விருது தருகிறது. அன்று நான் பேசப்போகும் தலைப்பு, 'நூறாண்டு நிற்கும் பாலங்கள்'. உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பது நம் பாலத்தை. இந்த நேரத்தில் மேற்படி யோசனை உசிதமானதாக எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் இதை எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தைக்குப் போய் 'தங்கள் அச்சம்'னு எழுதறீங்களேப்பா, அவங்க இந்தப் பேப்பரைச் சுருட்டி உங்க தலையிலேயே போடுவாங்க" என்கிறாள். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று நம்புகிறேன். தூரம் அதிகம்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 17

தம்பி,

உன் கடிதத்தில் ஒன்று இருக்கிறது, இரண்டு இருக்கிறது, அடுத்தது நான்கு. மூன்றை எழுதிக் கிழித்துவிட்டாய் போலிருக்கிறது. எனக்கு அதைத்தான் படிக்க ஆசை.

கொட்டகை வாசலில் நான் நின்றது செருப்பு மாட்ட. ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. அதை முள் குத்திச் சரி செய்துகொண்டிருந்தேன். காவலாளியிடம் போய் ஒரு நிமிடம் பேசியது நீ. நான் என் கண்ணால் பார்த்தேன். தளத்துப் பொறியாளர் காவலாளியிடம் ஒரு நிமிடம் பேசினால், அது தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். என்ன தவறு?

அன்றைய தினம் எனக்கு மறக்கவில்லை. பகல் பதினோரு மணி. ஸ்டோரில் இருந்த ஒரே போனுக்கு அழைப்பு வந்தது. ஸ்டோர் கீப்பர் ஓடி வந்தார். என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு உன்னிடம் போய், "சார், நீங்களே மேடம்கிட்ட சொல்லிடுங்க" என்றார். நீ வந்து "அக்கா, அப்பா" என்றாய். அந்த வாக்கியத்தை நீ இன்றுவரை முடிக்கவில்லை.

சிமென்ட் லாரியில் ஏறிப் படகுத்துறைக்குப் போனோம். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அப்பா இந்த ஆற்றங்கரையில் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு சின்ன ஆயுள் தேறும். பேருந்தைப் படகில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, மறுபடி ஏற்றி. ஸ்டியரிங்கில் கவிழ்ந்து தூங்குவார். நடத்துனர் எழுப்பினால், "பாலம் கட்டியாச்சா? அப்ப எழுப்பு" என்பார். அவருக்குப் பிறந்தது இரண்டு. இரண்டும் பாலம் கட்டும் துறைக்கே வேலைக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. ஒன்று கட்டப் போனது. இன்னொன்று, கட்டியது சரியில்லை என்று சொல்லப் போனது.

அன்று படகில் நின்று நீ பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஐந்து கண் முடிந்து ஆறாவதுக்குக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஞாபகம் யாருக்காவது வந்திருந்தால் அங்கிருந்தே கத்தியிருக்கலாம். கூப்பிடு தூரம்தான். நம் இருவருக்கும் வரவில்லை.

அக்கா


மார்ச் 26

அக்கா,

எண் போடவில்லை, திருப்திதானே?

காவலாளியிடம் நான் பேசியது பெட்டியைப் பற்றி. மட்டம் பார்க்கும் லெவல் கருவி இருந்த பெட்டியின் சாவியைக் கொடுத்து "பத்திரம்" என்றேன். ஒரே ஒரு சொல். அதற்கு ஒரு நிமிடம் ஆகாது. உன் கடிகாரம் வேகமாக ஓடியிருக்கும்.

அப்படியே நான் சொல்லியிருந்தாலும் என்ன வாழ்ந்திருக்கும்? அந்த ஆளின் லட்சணம் உனக்குத் தெரியாதா? நாம் திரும்பி வந்த அன்று டிரம்மில் இருபது லிட்டர் டீசல் குறைந்திருந்தது. ஐந்து நாள் கேட்பாரில்லை என்றதும் விற்றுத் தின்றுவிட்டான். சீட்டைக் கிழித்து அனுப்பச் சொல்லி ஒப்பந்தக்காரருக்கு நான்தான் எழுதினேன். அப்பேர்ப்பட்டவன் நீயோ நானோ சொல்லியிருந்தால் கொளுத்தும் வெயிலில் தண்ணீர் விட்டுக் கிழித்திருப்பானா? ஆக, யார் சொல்லவில்லை என்பது பட்டிமன்றத் தலைப்புதானே தவிர வேறொன்றும் இல்லை.

நீ ஐந்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். நான்காம் கண்ணை ஏன் நினைப்பதில்லை? தலைமைப் பொறியாளர் வந்து நிற்க, ஒரு துளி கூடவோ குறையவோ இல்லாமல் கலந்து, விடியலில் ஆரம்பித்து மதியத்துக்குள் போட்டு முடித்தோம். உன் சோதனைக்கூடத்தில் அதுவரை எந்தக் கட்டியும் அவ்வளவு பலம் காட்டியதில்லை என்று நீயே சொன்னாய். கட்டி உடைக்கும் இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய்; வேலை நேரத்தில் நீ சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கான்கிரீட் போட்ட அன்று மதியம் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, கைகழுவக்கூடச் சோம்பல்பட்டு, சிமென்ட் கையோடு டீ குடித்தோம். அன்று எடுத்த படத்தைத்தான் என் பேச்சில் காட்டப் போகிறேன். அதில் நீயும் இருக்கிறாய், பாதி.

மே இருபது முடியட்டும். அதற்குப் பிறகு நீ எங்கே சொல்கிறாயோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அறுபத்து மூன்று வயதில், "நான் பதிவேட்டில் பொய் எழுதினேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு மேடையேறுவது?

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

கல் லாரிகளுக்கு உன் விழா தேதி தெரியாது. அவை பதினைந்தாம் தேதியே வருகின்றன.

நேற்று ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஐந்தாம் கண்ணின் ஓரச் சுவரையும் நடைபாதையையும் தட்டிப் பார்த்தேன். நல்ல கான்கிரீட் 'டண்' என்னும், உள்ளே விட்டுப்போனது 'பொத்' என்னும். அது உனக்கும் தெரியும். எனக்கு எல்லாமே 'டண்' என்றுதான் கேட்டது. ஆனால் என் காது இப்போது எல்லாவற்றையும் நல்லதாகவே கேட்கிறது. போன வாரம் காய்கறிக்காரர் விலையைச் சொன்னபோதும் அப்படித்தான் கேட்டது. எனக்குப் பின்னால் ஒருவர் நின்று, "என்னம்மா, உடைச்சு எடுத்துட்டுப் போகப் போறீங்களா?" என்றார். "இல்லை, விசாரிக்கிறேன்" என்றேன். தள்ளி நின்றுகொண்டார்.

காலை ஏழு பத்துக்கு முதல் பேருந்து போகிறது. அடியில் நின்றால் அது ஒவ்வொரு கண்ணாகத் தாண்டுவது கேட்கும். ஐந்துக்கு வரும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அதில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். பாலம் மே இருபது வரை பொறுத்துக்கொள்ளும் என்று நீ எழுதிக் கொடு, நானும் பொறுத்துக்கொள்கிறேன். அது உன்னால் முடியாது. நீ நல்ல இன்ஜினியர்.

பத்தாம் தேதி என் கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் பங்கை மட்டும் எழுதியிருக்கிறேன். உன் பெயரை எடுக்கவில்லை. நிம்மதியாக மேடையேறு.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பதிவேட்டில் இருப்பது இரண்டு கையெழுத்து. ஒன்றைப் பற்றி எழுதினால் மற்றதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாய். நன்றி.

செய்வதைச் செய். இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 22

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதும்படி ஆகிவிட்டது.

நேற்று முற்பகல் கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உதவிப் பொறியாளர், முப்பது வயது இருக்கும், பூட்ஸில் சேறு. உள்ளே கூப்பிட்டால், "வேண்டாம்மா, தரை வீணாகிடும்" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"ஒண்ணு கேக்கணும். காவலாளிகிட்ட சொல்லாம விட்டது மொத்தம் எத்தனை பேரு?"

"ஒருத்திதான். நான்."

"இல்லையே. இங்க ஒரு சார், தான்தான்னு எழுதியிருக்காரே. நீங்க குடுத்த மறுநாளே ரிஜிஸ்தர் தபால்ல வந்துது."

காட்டினாள். பொருள், பார்வை எல்லாம் போட்டு உன் கையெழுத்து. ஒன்று, இரண்டு. இதில் மூன்றும் இருந்தது. "தண்ணீர் விடும்படி சொல்லவேண்டிய பொறுப்பு தளப் பொறியாளராகிய என்னுடையது. என் மூத்த சகோதரிக்கு இதில் பங்கில்லை. துக்கத்தில் இருந்தவரிடம் நான் நீட்டிய இடத்தில் அவர் கையெழுத்திட்டார்."

மூத்த சகோதரி! என்னைப் பார்த்தால் துக்கத்தில் எதிலும் கையெழுத்துப் போடுகிற ஆளாகவா தெரிகிறது? நான் படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல தப்பு பண்ணவங்களைத் தேடுவோம், கிடைக்கவே மாட்டாங்க. இதுக்கு ரெண்டு பேரு வந்து, எனக்குத்தான்னு அடிச்சுக்கறீங்க. நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வந்து எழுதிக் குடுங்க. ஃபைல்ல ஒரு இடம்தான் இருக்கு" என்றாள்.

கல் லாரிகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மேலிருந்து துளை போட்டு மாதிரி எடுக்கப் போகிறார்கள். ஐந்தாம் கண்ணிலிருந்து ஆரம்பம். பக்கத்தில் ஒப்பிடுவதற்கு, எல்லாவற்றிலும் சிறந்தது என்று நம் பதிவேடு சொல்கிற நான்காம் கண்.

அந்த ரிஜிஸ்தர் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

காரணம் கேட்கமாட்டாய், ஆனால் கேட்காமலே குத்திக்கொண்டிருப்பாய். சொல்லிவிடுகிறேன்.

மேடைப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன். அஸ்திவாரம் நாலு பக்கம், கம்பி ஆறு பக்கம், சரளமாக ஓடியது. தண்ணீர் விடுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். "கான்கிரீட் பிறந்த பதினாலு நாட்களும் அதைக் குழந்தையைப் போல..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்தேன். வெளக்குமாற்றைச் சிமென்ட் பாலில் தோய்த்து அந்த விரிசல்கள் மேல் நான் இழுத்த சத்தம்தான் காதில் கேட்டது. நீ ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "போதும், விடு" என்றாய். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த பிறகு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கோட்ட அலுவலகத்துக்கு எழுதியதில் சங்கத்துச் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் போனில், "சார், இதையெல்லாம் விழாவுக்கு அப்புறம் ஒத்துக்கலாமே, இப்ப என்ன அவசரம்?" என்றார். என் கருத்தும் ஒரு மாதம் முன்புவரை அதுதான் என்பதால் அவரைத் திட்ட முடியவில்லை. இப்போது விழா 'நிர்வாகக் காரணங்களால்' ஒத்திவைப்பு. கண்ணாடியில் செய்த விருதில் என் பெயரைப் பொறித்துவிட்டார்களாம். என்ன செய்வதென்று என்னையே கேட்கிறார்கள்.

மாதிரி எடுத்தால் எழுது. கெட்டதாக இருந்தாலும் எழுது.

தம்பி


மே 13

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி.

ஐந்தாம் கண்ணில் ஆறு இடத்தில் துளை போட்டார்கள். ஆறும் கல் மாதிரி வந்தன. நான் கையில் வாங்கிப் பார்த்தேன்: அடர்த்தி, ஓட்டை இல்லை, கம்பி புதிதாகப் போட்ட மாதிரி நீலமாக. ஏழு கண்ணிலும் பலமானது அதுதானாம். நீ வெளக்குமாறு போட்ட விரிசல்கள் விரல் நகத்தின் ஆழம்கூட இல்லை. "அது போட்ட அன்னிக்கே காத்துல வந்திருக்கும்மா. தண்ணி விடாததால வந்ததில்லை" என்றாள் அந்தப் பெண்.

அழுகியிருப்பது நான்காம் கண்.

நம் நான்காம் கண்தான். தலைமைப் பொறியாளர், படம், டீ, எல்லாம். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்பின் ரப்பர் கிழிந்து பல வருடம் ஆகிறது. பக்கத்தில் மழைநீர் வடிய நீ வைத்த குழாய் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு முறை சாலைக்குத் தார் போட்டபோதும் அதன் வாயில் கொஞ்சம் தாரை ஊற்றி, நான்காவது முறையில் முழுசாக அடைத்துவிட்டார்கள். மழைத் தண்ணீர் எல்லாம் இணைப்பு வழியாக இறங்கி நான்காம் கண்ணின் நுனியில், தூணின் தலைக்கு மேல், கீழேயிருந்து யாருக்கும் தெரியாத இடத்தில் இருபது வருடம் தேங்கியிருக்கிறது. ஏணி வைத்து ஏறிச் சுத்தியலால் தட்டினாள். 'பொத்'. இரண்டாவது தட்டில் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி பென்சில் கனத்துக்கு வந்திருக்கிறது. ஐந்தில் நான் பார்த்த கறை அங்கிருந்து வழிந்தது. நம் கடிதம் இல்லையென்றால் ஏணியே வந்திருக்காது, ஏப்ரல் பதினைந்திலேயே லாரிகள்தான் வந்திருக்கும் என்றாள்.

நாம் தப்பாகச் செய்தது நன்றாக இருக்கிறது. நன்றாகச் செய்தது கெட்டுவிட்டது. இதை உன் பேச்சில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பாய் என்று தெரியவில்லை.

இனி நான் கேட்கப்போவதுதான் முக்கியம். கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள்: "அஞ்சு நாள் காயப்போட்டோம்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கீங்க. நான் நம்பலை. இதுக்கு யாரோ ஒழுங்கா தண்ணி விட்டிருக்காங்க."

ஆறு கீழே ஒன்பது மீட்டர். குடத்தில் தூக்கி அவ்வளவு பரப்பை நனைக்க முடியாது. பம்பு ஓடியிருக்க வேண்டும். பம்பு டீசலில் ஓடும்.

நாம் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவோம். மணிக்கு ஒரு லிட்டர். ஐந்து நாள். தம்பி, டிரம்மில் எவ்வளவு குறைந்தது என்று எழுதியிருந்தாய்?

அக்கா


மே 19

அக்கா,

இருபது.

உன் கடிதம் வந்த அன்று பழைய பெட்டியை இறக்கினேன். நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் கார்பன் பிரதியும் அதில் இருக்கிறது. அந்தக் காவலாளியை நீக்கச் சொல்லி எழுதியதும் இருந்தது. படித்தேன். ஐந்தாம் நாள் மாலை ஸ்டோர் கீப்பர் அளந்து பார்த்துக் குறைவு தெரிந்து டிரம்மைப் பூட்டியிருக்கிறார். மறுநாள் பிற்பகல் நாம் வந்தோம். பூட்டிய பிறகு தண்ணீர் விட வழியில்லை. பிற்பகல் வரை அடித்த வெயிலில் சாக்கு காயாமல் என்ன செய்யும்? காய்ந்ததைத்தான் நாம் பார்த்தோம்.

ஆக, பொய் என்று நினைத்துக்கொண்டே, பதினாலு நாளும் தண்ணீர் விட்டதாக நான் எழுதியது ஏறக்குறைய உண்மை. உண்மை என்று நினைத்து, டீசல் திருட்டு என எழுதியது பொய்.

கடிதம் பத்து வரி. அதில் அவர் பெயர் இல்லை. "மேற்படி காவலாளி" என்று நான்கு இடத்தில் இருக்கிறது. மொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். நாம் திரும்பி வந்த அன்று மாலை அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார். எனக்கு அப்பாவின் முகம் தவிர எதுவும் கண்ணில் இல்லை. தலையைத் தூக்காமல், "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுய்யா" என்றேன். அவருக்கு எழுதத் தெரியாது. சம்பளத் தாளில் அவர் கைநாட்டு வைத்ததை மாதாமாதம் பார்த்தவன் நான். அவர் போய்விட்டார். பெட்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் பத்திரம் என்று சொல்லிக் கொடுத்த சாவி.

நீ சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் அதற்குச் சண்டை போட்டோம். சொல்லாமலே செய்தவரை வெளியே அனுப்பிவிட்டு.

அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று விசாரிக்க முடியுமா? முகவரி கிடைத்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறேன். இரண்டு வரைவு எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் "பொருள்" என்று போட்டு அடித்திருக்கிறேன்.

தம்பி


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

இருக்கிறார்.

நடைப்பயிற்சிக்குப் போன கையோடு அக்கரையில் இறங்கி, சைக்கிள் கடையில் விசாரித்தேன். பாலம் கட்டிய காலத்தில் காவலுக்கு இருந்தவர் என்றேன். கடைக்காரருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. "யாரு, டீசல் பெரியவரா? கடைசி வீடும்மா. பாத்துப் போங்க, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எதையாவது எடுத்து வீசுவாரு" என்றார்.

தெருவுக்கே அவர் டீசல்தான். இந்தக் கடைக்காரருக்கு அப்போது ஏழெட்டு வயது. காரணம் என்னவென்று இவருக்குத் தெரியாது, பெயர் மட்டும் தெரிகிறது. பராமரிப்பு இல்லை, பூச்சு இல்லை, முப்பத்தோரு வருடம். நாம் கட்டியதில் விரிசல் விடாமல் நிற்பது இதுதான்.

கடைசி வீடு வரை போனேன். எண்பது வயது இருக்கும். வாசலில் உட்கார்ந்து ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, திருகாணிகளை ஒரு மூடிக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "வழி தப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். முப்பது வருடம் கட்டிகளை உடைத்தவள். ஒரு வாசல்படி ஏற முடியவில்லை.

அவருக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் அந்தச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்லவேண்டியிருக்கும். ஒரு முறை அவரை எழுதச் சொன்னாய். இப்போது படிக்கச் சொல்லப் போகிறாயா? கிளம்பி வா. அந்தத் தெருவில், அந்தச் சைக்கிள் கடைக்குக் கேட்கிற மாதிரி, வாயால் சொல்லு. நானும் சொல்கிறேன். நீ எழுதுகிறவன், நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள்.

ஒரு விஷயம். நான்காம் கண்ணை இடித்துக் கட்டும் வரை பாலத்தில் கனரக வண்டிக்கு அனுமதியில்லை. பேருந்து அக்கரையிலேயே நின்றுவிடும். எல்லோரும் இறங்கி நடந்துதான் வருகிறார்கள். நீ இந்தப் பக்கம் வரவேண்டியதே இல்லை. அவர் வீடு இருப்பது நீ இறங்குகிற இடத்திலிருந்து பத்து நிமிடம். நான் பாலத்தைக் கடந்து வந்து சைக்கிள் கடையருகில் நிற்கிறேன்.

அங்கே போனதும் பேச ஆரம்பித்துவிடாதே. நீ மேடைக்குப் பேச்சுத் தயார் செய்த ஆள், எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்பார். முதலில் அதற்குப் பதில் சொல்லு.

உன் அக்கா